நுணலும் தன் வாயால் கெடும்: போர்க்காலக் கப்பல் ரேடியோக்கள் எதற்கு அஞ்சின?

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன் கப்பலை நமக்கு நன்றாகத் தெரியும். ஏழு வாரம் கழித்து அது எப்படி மாட்டிக்கொண்டது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் கம்பியில்லாத் தந்தியை அளந்தே பயன்படுத்தியவர். எதிரிக் கப்பல்கள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பார், தான் பேச மாட்டார். ஆனால் நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்கப் போன இடத்தில், தனக்கு நிலக்கரி சுமந்து வந்த பூரெஸ்க் கப்பலை ரேடியோவில் கூப்பிட்டார். தீவின் நிலையத்தில் இருந்தவர்கள் காதில் பழக்கமில்லாத அந்தச் சத்தம் விழுந்தது. யார் நீ என்று கேட்டார்கள். சற்று நேரத்தில் கப்பலே கண்ணில் பட்டதும் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். எம்டன் தன் கருவியால் இரைச்சல் போட்டு அதை அமுக்கப் பார்த்தது, முடியவில்லை. ஏறக்குறைய 50 கடல் மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்த துருப்புக் கப்பல் அணியிலிருந்து ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி பிரிந்து வந்தது. அன்று பகலிலேயே எம்டன் சிதைந்து, பவளப்பாறையில் ஏறி நின்றுவிட்டது.

மணலுக்குள் புதைந்து யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் தவளை கத்தியதால் பிடிபடும். நுணலும் தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சொன்னது கடற்போருக்கு அச்சாகப் பொருந்துகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கப்பல் ரேடியோக்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை வாட், எத்தனை வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்பு ரேடியோக்களில் இருந்த கண்ணாடிக் குழாய்), எவ்வளவு தூரம் போகும் என்றுதான் கேட்கிறார்கள். என் பார்வையில் அந்தக் கருவிகளின் வடிவத்தைத் தீர்மானித்தது இன்னொரு கேள்வி: நம்மை யாராவது கேட்டுவிடுவார்களோ? அந்த அச்சத்தோடு பார்த்தால், புரியாத பல விஷயங்கள் புரிய ஆரம்பிக்கும்.

முதலில், ஒரு கப்பலுக்குச் செய்தி அனுப்பினால் அது கிடைத்ததா என்று எப்படித் தெரியும்? சாதாரணமாகக் கப்பல் பதில் சொல்லும். போர்க்காலத்தில் அந்தப் பதிலே ஆபத்து. அதனால் பிரிட்டிஷ் கடற்படை ஒருவழிப் பாதையை வைத்துக்கொண்டது. கரையிலிருக்கும் பெரிய நிலையம் நாள் முழுவதும் எல்லாக் கப்பல்களுக்குமான செய்திகளை வரிசை எண் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். கப்பல்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும். தனக்கு வந்ததை மட்டும் சங்கேதம் பிரித்துப் படிக்கும். நடுவில் ஓர் எண் விடுபட்டால் எது தவறியது என்று தெரிந்துவிடும், திரும்ப ஒலிபரப்பாகும்போது பிடித்துக்கொள்ளலாம். வாயைத் திறக்கவே வேண்டாம். போர்க்கப்பலின் ரேடியோ அறையில் ஆட்கள் செய்த வேலையில் பெரும்பகுதி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்திருப்பதுதான்.

நீர்மூழ்கிகளுக்கு இந்த ஏற்பாடு இன்னும் முக்கியம். உப்பு நீர் ரேடியோ அலைகளை விழுங்கிவிடும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் விழுங்காது. 10 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை கடல்நீருக்குள் 8 சென்டிமீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அதே தேய்மானத்துக்கு 16 கிலோஹெர்ட்ஸ் அலை 2 மீட்டர் போக வேண்டும். இந்த ஒரு கணக்குக்காகத்தான் பெரும் பணமும் இரும்பும் செலவாயின. இங்கிலாந்தின் ரக்பி நிலையம் 1926 முதல் 16 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. ஜெர்மனி கால்பே என்ற ஊருக்குப் பக்கத்தில், லோரன்ஸ் நிறுவனத்தைக் கொண்டு, கோலியாத் என்ற நிலையத்தைக் கட்டி 1943இல் இயக்கியது. அதன் திறன் 1,000 கிலோவாட். உலகின் எந்த மூலையில் இருந்தாலும் அளவான ஆழத்தில் மூழ்கியபடியே ஜெர்மன் நீர்மூழ்கிகள் கட்டளைகளைக் கேட்க முடிந்தது. போர் முடிந்ததும் சோவியத் படைகள் அந்த நிலையத்தைக் கழற்றி எடுத்துப் போய் நிஷ்னி நோவ்கரத் பக்கம் மீண்டும் நிறுத்தின. இதே கொள்கையில் இயங்கும் நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டத்திலும் இருக்கிறது. விஜயநாராயணம் அருகே 1990இல் தொடங்கப்பட்ட ஐஎன்எஸ் கட்டபொம்மன் அது. நாங்குநேரிப் பக்கம் போகிறவர்கள் தூரத்தில் பார்க்கும் உயரமான கம்பங்கள், கடலுக்கடியில் இருப்பவர்களோடு பேசுவதற்காக நிற்பவை.

சரி, கேட்கும் கருவிக்கு வருவோம். பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த ரிசீவர்களில் பெயர்பெற்றது மார்க்கோனி நிறுவனத்தின் சிஆர்100. கடற்படை அதை பி28 என்று அழைத்தது. 11 வால்வுகள், சாம்பல் நிறம் பூசிய இரும்புப் பெட்டி, ஒருவர் தனியாகத் தூக்க யோசிக்கும் எடை. அதன் முகப்பில் இருக்கும் அலைவரிசை அளவுகோலை நிதானமாகப் பார்த்தால் ஒரு விசித்திரம் தென்படும். 60 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 420 வரை போகும். பிறகு எண்களே இல்லை. மறுபடி 500இல் ஆரம்பித்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை தடையில்லாமல் ஓடும். நடுவில் 80 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஏன் இந்த ஓட்டை?

இந்த ரிசீவர் சூப்பர்ஹெட் வகை. ஏரியலில் வந்து விழும் அலை எதுவானாலும், பெட்டிக்குள்ளேயே ஓர் ஆசிலேட்டர் உண்டாக்கும் அலையோடு அதைக் கலந்து, 465 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணுக்கு மாற்றிவிடும். அதற்குப் பிறகு பெருக்குவதும் வடிகட்டுவதும் அந்த ஒரே அதிர்வெண்ணில் நடப்பதால் வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் 465ஐயே கேட்கப் போனால் வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகிவிடும். பெட்டி தன் சத்தத்தையே கேட்டு ஊளையிடத் தொடங்கும். அதனால் அந்தப் பகுதியையே விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் கப்பல்கள் அபாயக் குரல் கொடுத்த 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அந்த ஓட்டையின் விளிம்பில் இருக்கிறது. அதைத் தவற விடக்கூடாது என்பதற்காகவே வரம்பை அங்கே நிறுத்தியது போலத் தோன்றும். இன்னொரு குமிழைத் திருப்பினால் கேட்கும் அகலத்தை 6,000 ஹெர்ட்ஸிலிருந்து படிப்படியாக 100 ஹெர்ட்ஸ் வரை குறுக்கலாம். 100இல் வைத்துக் கேட்டால் கடலின் அத்தனை இரைச்சலும் அடங்கி, ஒரே ஒரு மோர்ஸ் குரல் மட்டும் புல்லாங்குழல் போல மேலே நிற்கும். பழைய ரிசீவரில் அதை ஒரு முறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பெட்டிக்குள் ஓர் ஆசிலேட்டர் இருக்கிறது என்றேன். ஆசிலேட்டர் என்றாலே அது குட்டி டிரான்ஸ்மிட்டர்தான். அந்த அலையில் துளி ஏரியல் வழியாக வெளியே கசிந்தாலும், கேட்கும் கருவியே பேசிவிடும். மௌனமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கப்பல், தான் கேட்டுக்கொண்டிருப்பதாலேயே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். அதனால் ஏரியலுக்கும் ஆசிலேட்டருக்கும் நடுவே பெருக்கி வால்வுகளை வைத்தார்கள். பி28இல் அப்படி இரண்டு கட்டங்கள் உண்டு. வெளியிலிருந்து உள்ளே வருவதை அவை பெருக்கும், உள்ளிருந்து வெளியே போவதைத் தடுக்கும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி.

அமெரிக்கக் கடற்படையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அவர்களுடைய ஆர்ஏகே, ஆர்ஏஎல் ரிசீவர்கள் 1930களின் நடுவில் வடிவமைக்கப்பட்டவை. சூப்பர்ஹெட் கூட இல்லை. பின்னூட்டத்தால் வால்வை அதிரும் எல்லைக்குத் தள்ளிக் கேட்கும் பழைய முறை. மோர்ஸ் கேட்க வேண்டுமென்றால் அந்த வால்வு உண்மையிலேயே அதிர்ந்தாக வேண்டும். அதாவது கேட்கும் அதிர்வெண்ணிலேயே ஒரு டிரான்ஸ்மிட்டர் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு ரேடியோ அப்படி இருந்தால் பக்கத்து வீட்டில் விசில் கேட்கும். கடற்படை அதையே இறுக்கமான உலோகக் கவசத்துக்குள் அடைத்து, முன்னால் பெருக்கிக் கட்டங்களை வைத்து, நீர்மூழ்கிகள் வரை கொண்டுபோனது. புதிய கருவிகள் வந்த பிறகும் போர் முடியும்வரை அவை வேலை செய்தன. பழசு என்று யாரும் தூக்கிப் போடவில்லை. உறுதியானவை, அடைபட்டவை.

கடலோடிகளின் சொந்த ரேடியோக்களுக்கும் இதே கதி. நடுக்கடலில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு ஒருவர் வைத்திருக்கும் சாதாரணப் பெட்டி முழுக் கப்பல் அணிக்கும் எமனாகலாம் என்று அதிகாரிகள் பயந்தார்கள். சொந்த ரேடியோவுக்குத் தடை வந்தது. ஆனால் மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு வீட்டுச் செய்தியும் இசையும் இல்லாமல் எப்படி? சிகாகோவின் இ.எச். ஸ்காட் நிறுவனம் ஆடம்பர வீட்டு ரேடியோக்களுக்குப் பேர் போனது. கசிவு மிகக் குறைந்த எஸ்எல்ஆர் வகை ரிசீவர்களை அந்த நிறுவனம் இதற்கென்றே செய்து கொடுத்தது. கப்பலில் அதிகாரப்பூர்வமாகப் பொருத்தப்பட்டு, ஒலிபெருக்கிகள் வழியாக எல்லோரும் கேட்டார்கள். ஒரு மாலுமி பாட்டுக் கேட்பதற்குக்கூட எவ்வளவு பொறியியல் தேவைப்பட்டது என்று நினைக்கும்போது எனக்கு அந்தப் பெட்டிகள் மீது தனி மதிப்பு வருகிறது.

இந்த அச்சம் ஒரு கட்டத்தில் ஜெர்மனியைத் தவறான பாதைக்கும் கொண்டுபோனது. 1942இல் பிரிட்டிஷ் விமானங்களின் ஒன்றரை மீட்டர் அலைநீள ரேடாரை முன்கூட்டியே உணர, நீர்மூழ்கிகளில் மெட்டாக்ஸ் என்ற ரிசீவரைப் பொருத்தினார்கள். பாரிஸில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரே கருவிக்கும் ஆனது. மரச்சட்டத்தில் கம்பி கட்டிய சிலுவை வடிவ ஏரியலை, நீர்மூழ்கி மேலே வரும்போதெல்லாம் ஒருவர் தூக்கி நிறுத்திக் கையால் சுழற்ற வேண்டும், மூழ்கும்போது கழற்றிக்கொண்டு ஓட வேண்டும். சில மாதங்கள் அது காப்பாற்றியது. 1943இல் நீர்மூழ்கிகள் மறுபடி எச்சரிக்கையே இல்லாமல் தாக்கப்பட்டன. உண்மைக் காரணம், விமானங்கள் 10 சென்டிமீட்டர் அலைநீள ரேடாருக்கு மாறியிருந்தன. மெட்டாக்ஸுக்கு அது கேட்காது. ஆனால் பிடிபட்ட பிரிட்டிஷ் விமானி ஒருவர் விசாரணையில், மெட்டாக்ஸ் கசியும் அலையைப் பிடித்துக்கொண்டுதான் விமானங்கள் வருகின்றன என்று சொல்லிவைத்தார். சோதித்துப் பார்த்தபோது மெட்டாக்ஸ் உண்மையிலேயே கசிந்தது. அவ்வளவுதான். அந்த ஆகஸ்டில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தளபதி டோனிட்ஸ் உத்தரவிட்டார். கசிவு மெய், அதுதான் காரணம் என்பது பொய். கேட்கும் கருவியும் பேசும் என்று ஏற்கனவே பயந்திருந்தவர்களிடம் அந்தப் பொய் எளிதாக விலைபோனது.

டிரான்ஸ்மிட்டர்கள் பக்கம் போனால் என் கையில் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த பெரியவர், மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே பழைய சாமான் கடையில் வாங்கிய வால்வு ஒன்றைக் கொடுத்தார். 1625 என்று எண். கண்ணாடிக் குடுவை, தலையில் ஓர் உலோகத் தொப்பி, உயர் மின்னழுத்தம் அந்தத் தொப்பி வழியாகத்தான் உள்ளே போகும். அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கொண்டாடும் 807 வால்வின் உடன்பிறப்பு. 807க்கு 6 வோல்ட் சூடேற்ற வேண்டும், இதற்கு 12 வோல்ட். வண்டி பேட்டரியில் ஓடுவதற்காகச் செய்த மாற்றம். காலின்ஸ் நிறுவனம் வடிவமைத்த டிசிஎஸ் டிரான்ஸ்மிட்டரில் இப்படி நான்கு இருக்கும், இரண்டு அலையை அனுப்ப, இரண்டு குரலை ஏற்ற. 1.5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை. டார்பிடோப் படகுகள், துருப்புகளை இறக்கும் படகுகள், ஜீப்புகள் என்று எல்லா இடத்திலும் டிசிஎஸ் போனது. போருக்குப் பிறகு மலிவு விலையில் விற்கப்பட்டு, வீட்டு மொட்டைமாடி ஏரியல்களில் இன்னொரு வாழ்க்கை வாழ்ந்தது.

ஒரு கப்பல் அணி, கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒன்றோடொன்று பேசியே ஆக வேண்டும். நாற்பது கப்பல்கள் இருட்டில் ஒரே நேரத்தில் திசை திரும்புவது சொல்லாமல் நடக்காது. அதற்கு அமெரிக்கர்கள் கொண்டுவந்தது டிபிஎஸ். ஆர்சிஏ தயாரிப்பு, 60 முதல் 80 மெகாஹெர்ட்ஸ், 50 வாட். இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்ததே அது தூரம் போகாது என்பதால்தான். சிற்றலை வானத்தின் மின்னடுக்கில் பட்டுத் திரும்பி கண்டம் தாண்டும். டிபிஎஸ்ஸின் அலை தொடுவானத்தோடு நின்றுவிடும் என்று நம்பினார்கள். தூரம் போகாமல் இருப்பதே ஒரு ரேடியோவின் சிறப்பாகக் கருதப்பட்ட காலம் அது. சில வானிலைகளில் கடல்மேல் காற்றடுக்குகள் குழாய்போல அமைந்து அந்த அலையையும் வெகுதூரம் கொண்டுபோகும் என்பது பிறகு அனுபவத்தில் தெரிந்தது.

ஜெர்மன் நீர்மூழ்கிகளின் நிலைமை இதைவிடச் சிக்கலானது. அவர்களுடைய போர்முறையே பேச்சில் ஓடியது. ஒரு நீர்மூழ்கி கப்பல் அணியைக் கண்டால் உடனே தாக்காது. பின்தொடர்ந்து, கரையிலிருக்கும் தலைமையகத்துக்குச் சொல்லும், மற்றவை ஓநாய்க் கூட்டம்போல வந்து சேரும். பேசாமல் இது நடக்காது, பேசினால் ஆபத்து. எனவே சுருக்கிப் பேசினார்கள். சொல்ல வேண்டியவற்றைச் சிறு எழுத்துத் தொகுதிகளாக மாற்றும் குறியேடு, அதற்கு மேல் எனிக்மா என்ற இயந்திரத்தின் சங்கேதம். 200 வாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டரில் மொத்தச் செய்தியும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் எந்தக் கப்பலும் ஏரியலைச் சுழற்றித் திசை கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்கள் கணக்கு.

சுழற்றினால்தானே? ராபர்ட் வாட்சன்-வாட் 1920களில் மின்னல்களின் திசையைப் பிடிக்க ஒரு கருவி செய்திருந்தார். மின்னல் கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது, எனவே எதையும் சுழற்ற முடியாது. ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இரண்டு வளைய ஏரியல்கள், இரண்டுக்கும் அச்சு அசலாக ஒத்த இரண்டு ரிசீவர்கள், அவற்றின் வெளியீடு ஒரு கேதோடு கதிர்க் குழாயின் திரைக்கு. அலை வந்தவுடன் திரையில் ஒரு பச்சைக் கோடு விழும். கோடு சாய்ந்திருக்கும் கோணம்தான் திசை. ஹஃப்-டஃப் என்று செல்லமாக அழைக்கப்பட்ட இதைப் பிரிட்டிஷ் கடற்படை பாதுகாவல் கப்பல்களில் ஏற்றியது. இரும்பும் கம்பிகளும் நிறைந்த கப்பலில் திசை கோணிப் போகாமல் இருக்கும் ஏரியலை வடிவமைத்ததில் பெரும்பங்கு வாட்ஸ்வாஃப் ஸ்ட்ருஷின்ஸ்கி என்ற போலந்துப் பொறியாளருடையது. எஃப்எச்4 என்ற வகை வந்தபோது அரை நிமிடம் தாராளம், சில நொடி போதும்.

நீர்மூழ்கிகளின் குறுஞ்செய்தி எப்போதும் ஒரே மோர்ஸ் முத்திரையோடு தொடங்கும்: ஒரு நீளம், மூன்று குறுக்கம், ஒரு நீளம். மற்ற செய்திகளை வழிவிடச் சொல்லும் அறிவிப்பு அது. எதிரிக்கும் அதுவே அறிவிப்பானது. கேட்டுக்கொண்டிருக்கும் ஆபரேட்டரின் காதில் அந்தத் தாளம் விழுந்த கணத்திலேயே கை குமிழுக்குப் போகும், கண் திரைக்குப் போகும். வானில் பட்டுத் திரும்பி வரும் அலையா, கடல்மேல் தவழ்ந்து வரும் அலையா என்பதை அதன் நடுக்கத்தை வைத்தே பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். தவழ்ந்து வருவது என்றால் ஆள் பக்கத்திலேயே இருக்கிறான். ஒரு பாதுகாவல் கப்பல் அந்தக் கோட்டின் வழியே முழுவேகத்தில் பாயும். நீர்மூழ்கி மூழ்கியாக வேண்டும், மூழ்கினால் பின்தொடர வேகம் போதாது. அதைச் சுட்டு மூழ்கடிக்காமலேயே கப்பல் அணி தப்பிவிடும். ஜெர்மானியர்கள் வெகுகாலம் இதை ரேடாரின் வேலை என்றே நினைத்தார்கள். 1944இல் அவர்கள் சோதித்த கூரியர் என்ற கருவி ஒரு முழுச் செய்தியை அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் தெறிக்கவிடும். பரவலாகப் பொருத்துவதற்குள் போர் முடிந்துவிட்டது.

நம் கடலிலும் இதெல்லாம் நடந்தது. சிங்கப்பூரிலிருந்து 1942 தொடக்கத்தில் கொழும்புக்கு வந்து ஒரு கல்லூரிக் கட்டடத்தில் இயங்கிய பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்புக் குழு, ஜப்பானியச் செய்திகளில் ஒரு தாக்குதல் திட்டத்தைக் கண்டது. இலக்கின் பெயர் சங்கேத எழுத்துகளில் இருந்ததால் எந்த ஊர் என்று தெரியவில்லை. பிறகு வந்த செய்தி ஒன்றில் ஜப்பானிய எழுத்தில் அதை உடைத்தே சொல்லிவிட்டார்கள்: கோ-ரோ-ன்-போ, அதாவது கொழும்பு. ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் கடலில் கட்டுப்பாடாக மௌனம் காத்தன. வாய் தவறியது வேறிடத்தில்.

அந்த மௌனக் கப்பல்களை 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தெற்கே, கொக்கலையிலிருந்து பறந்த கனடிய கேட்டலினா விமானம் பார்த்துவிட்டது. விமானி லியனார்ட் பெர்ச்சல். மோர்ஸ் சாவியைத் தொட்டால் இருப்பிடம் தெரிந்துவிடும் என்ற கவலைக்கு அங்கே இடமில்லை, ஜப்பானிய போர் விமானங்கள் ஏற்கனவே மேலே வந்துகொண்டிருந்தன. எதிரி அணியின் இடம், திசை, வேகம் என்று ரேடியோ ஆபரேட்டர் அனுப்பத் தொடங்கினார். விதிப்படி மூன்று முறை அனுப்ப வேண்டும். மூன்றாவது முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போது குண்டு பாய்ந்து கருவி நொறுங்கியது. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள், ஆறு பேர் ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள். செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல அன்றிரவே நங்கூரம் எடுத்துக் கடலுக்குள் போய்விட்டன.